மார்கரெட் மண்டபம் எவ்வளவு பெரியது

செப்டம்பர் 30, திங்கள்

சார் தன் வீட்டில் எனக்கு ஒரு பீரோ ஒதுக்கியிருக்கிறார். ஒரே ஒரு பீரோ. அதில் என் சேலைகள், என் புத்தகங்கள், முப்பது வருஷத்துப் படங்கள் எல்லாம் அடங்க வேண்டுமாம். வாழ்நாள் முழுக்கக் கட்டடங்களை அளந்த எஞ்சினியருக்கு ஒரு போட்டோகிராபரின் மூட்டை முடிச்சை அளக்கத் தெரியவில்லை.

காலையில் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினேன். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தவை. சர்ச்சுகள், கல்லூரிகள், பஸ் ஸ்டாண்டுகள், தண்ணீர்த் தொட்டிகள், திறப்பு விழா நடந்த மறுநாளே ஒழுக ஆரம்பித்த ஒரு நூலகம். ஒரு படத்திலும் ஆள் கிடையாது. அது என் கொள்கை. ஆள் வந்து நின்றால் பார்க்கிறவர்கள் ஆளைத்தான் பார்ப்பார்கள், கட்டடம் போய்விடும். எத்தனை தலைமையாசிரியர்களை, எத்தனை தாளாளர்களை "கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று விரட்டியிருக்கிறேன். அவர்கள் காசில், அவர்கள் கட்டடத்திலிருந்து.

என் அக்கா தொர்க்காள் வந்து பார்த்துவிட்டு, கல்யாணப் பெண் இப்படித் தூசியில் உட்காரலாமா என்று கேட்டாள். ஐம்பத்தேழு வயதில் 'கல்யாணப் பெண்' என்று கேட்டதும் எனக்குத் தும்மல் வந்தது. தூசியால்தான்.

கல்யாணம் அடுத்த மாதம் இருபத்துநாலாம் தேதி. சார் என்று நான் எழுதுவது எட்வின் ஞானாபரணத்தை. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பழுது பார்ப்பார், நான் படம் எடுப்பேன். அவர் மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. போன கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவோடு தெருத்தெருவாகப் போனபோது, ஐந்தாவது வீட்டு வாசலில் கேட்டார். நான் ஏழாவது வீட்டில் சரி என்றேன். இனிமேலாவது 'அத்தான்' என்று கூப்பிடு என்று அக்கா நச்சரிக்கிறாள். வாயில் வந்தால்தானே?

அவர் மகள் பெனிட்டா பெங்களூரிலிருந்து புதன்கிழமை வருகிறாள். போனில் விஷயத்தைச் சொன்னபோது "உங்க இஷ்டம்ப்பா" என்று மட்டும் சொன்னாளாம். இந்தக் கல்யாணத்தில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பெண் மனதோடு வர வேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை, நான் ஒன்றும் பயப்படவில்லை. ஜன்னல் கம்பிகளைக்கூட ஈரத்துணியால் துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 2, புதன்

வந்தாள். அப்பாவின் நெற்றி, நல்ல உயரம், ரொம்ப மரியாதை. மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. 'ஆன்ட்டி' என்று ஆரம்பித்துப் பாதியிலேயே விழுங்கி, 'வந்து...' என்று தொடங்கிப் பேசினாள். கட்டிக்கொள்ளப் போகிறவரையே 'சார்' என்று கூப்பிடுகிற நான் அவளைக் குறை சொல்ல முடியாது.

நெய்மீன் குழம்பு வைத்திருந்தேன். அவள் மீன் சாப்பிடுவதில்லையாம். சார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 3, வியாழன்

ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 5, சனி

பெனிட்டா மத்தியானம் தானாகவே வந்தாள். அப்பா வீட்டில் குறட்டை தாங்கவில்லையாம். என் வீட்டுக் கூடம் முழுக்கப் படங்கள் பரப்பிக் கிடந்தன. கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

"எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று கேட்டாள்.

யார் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு படத்தைக் காட்டினாள். காலை ஏழு மணி வெயில், நீளமான கூரை, வரிசையாகத் தூண்கள், ஒரு காக்காய்கூட இல்லை. கேமராவுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். கடையநல்லூர் பஸ்ஸின் கண்டக்டர் விசில் ஊதி ஊதிப் பார்த்ததையும், நான் ரசமட்டம் வைத்து கேமரா சாயாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்ததையும் சொன்னேன். சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. அதற்காகவே கண்டக்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விசில் கொடுத்துவிட்டேன்.

லென்ஸைப் பற்றியும் கேட்டாள். பக்கத்தில் இருப்பதை அது பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதை இன்னும் தூரத்துக்கு விரட்டும், ஓரத்தில் யாராவது நின்றால் ஆளைப் பூசணிக்காய் ஆக்கிவிடும் என்றேன். ஆள்களை விரட்ட அதுவும் ஒரு காரணமா என்றாள். அதுவும்தான்.

கடைசியில் ஒரு படத்தை எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. மார்கரெட் மண்டபம், 1994. பக்கத்து வீதிப் பெண்கள் பள்ளிக்கூடத்து மண்டபம். சார்தான் அதற்குக் கூரை மாற்றினார், வேலை முடிந்ததும் நான் எடுத்தேன். இரண்டு பக்கமும் வளைவு ஜன்னல்கள், இடது ஜன்னல்களிலிருந்து தரையில் நீள நீளமாக வெளிச்சம், தலைக்கு மேல் மரச்சட்டங்கள், வெகு தூரத்தில் ஒரு சின்ன மேடை. என் படங்களில் எனக்கே பெருமையான படம் அது.

"இவ்ளோ பெருசா இது?" என்றாள்.

"பெரிய மண்டபம்தான்" என்றேன். மனதார அப்படித்தான் சொன்னேன்.

இந்தப் படத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கிப் போனாள். மற்றதெல்லாம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். ரொம்ப வழிந்துவிட்டேனோ?

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இந்த இருவரையும் விவாகத்தில் இணைக்கத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று எங்கள் போதகர் ஐயர் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையைக் கேட்பார். ஊரில் யார் யாருக்கோ வாசித்து நான் கேட்டதுதான். என் பெயரைக் கேட்டபோது, முன் வரிசைப் பெண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுப்புத்தகத்தைப் படித்தேன். தலைகீழாக இருந்தது.

யாரும் தடை சொல்லவில்லை. நான் பெனிட்டாவைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அவளே எங்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள். சர்ச்சில் கல்யாணம் முடிந்ததும் விருந்து மார்கரெட் மண்டபத்தில். பள்ளிக்கூடத்தில் போனிலேயே பேசி முடித்துவிட்டாளாம். சமையலுக்கும் அவளே ஆள் பார்க்கிறாளாம். போன வாரம் 'உங்க இஷ்டம்ப்பா' என்ற பெண்ணா இவள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சார் மட்டும் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

எத்தனை பேர் கொள்ளும் என்று அக்கா கேட்டாள். பெனிட்டா கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்துக் காட்டினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏட்டி, இதுல முந்நூறு பேரு என்ன, ஐந்நூறு பேரு உக்காரலாமே. நாம ஏன் கணக்குப் பாக்கணும்?"

அந்த நிமிஷத்திலிருந்து அக்கா சர்ச் வளாகத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் அழைக்க ஆரம்பித்தாள். செருப்பு மாட்டக் குனிந்தவர்களைக்கூட விடவில்லை.

அக்டோபர் 9, புதன்

அழைப்பிதழ் வந்துவிட்டது. சாயங்காலம் பெனிட்டாவும் நானும் உட்கார்ந்து பெயர் எழுதினோம். நடுநடுவே படங்களையும் பிரித்தோம். என்னோடு வரப்போகிறவை ஒரு பக்கம், அக்கா வீட்டுப் பரணுக்குப் போகிறவை இன்னொரு பக்கம். தண்ணீர்த் தொட்டிகளைப் பரணில் போட்டேன். அவள் திரும்ப எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள். எட்டுக் கால் வைத்த பிராணி மாதிரி இருக்கிறதாம், பிடித்திருக்கிறதாம். முப்பது வருஷத்தில் என் தண்ணீர்த் தொட்டிகளை யாரும் பிடித்திருக்கிறது என்று சொன்னதில்லை. நாளைக்கு எலுமிச்சை ரசம் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஐயோ.

கேக் மேசையை எங்கே போடுவது என்று பார்த்து வரலாம் என்று மார்கரெட் மண்டபத்துக்குப் போனேன். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு. சாவி வாங்கித் திறந்தேன். இது முன்னறை போலிருக்கிறது, மண்டபம் அடுத்த கதவுக்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்து அந்தக் கதவைத் திறந்தால், அது விளையாட்டுச் சாமான் வைக்கும் அறை. வலைப்பந்துகள் உருண்டு வெளியே வந்தன.

அதுதான் மண்டபம். அவ்வளவுதான் மண்டபம். வளைவு ஜன்னல்கள் இருக்கின்றன, மரச்சட்டங்கள் இருக்கின்றன, வெகு தூரத்தில் இருந்த மேடை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. வலைப்பந்துகளைப் பொறுக்கி வைத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தேன். இந்த மண்டபத்தைப் பற்றி எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் நான் எடுத்த படம்தான். படத்தையே பார்த்துப் பார்த்து மண்டபத்தை மறந்திருக்கிறேன். ஊரார் ஏமாந்தால் அது என் தொழில் திறமை. எடுத்த நானே ஏமாந்ததை எங்கே போய்ச் சொல்வது?

நேரே சார் வீட்டுக்குப் போனேன். நல்லவேளை, பெனிட்டா சமையல்காரரைப் பார்க்கப் போயிருந்தாள்.

"சார், அந்த மண்டபம் எவ்ளோன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நாப்பதடி நீளம், இருபத்துநாலடி அகலம். கூரை மாத்தினது நான்தானே."

பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சத்தம் போட்டேன். படம் எடுத்தவள் நான், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்தாராம். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பெனி இப்படிச் சிரிச்சுப் பேசி ரொம்ப நாளாச்சு, யூனிஸ். எப்படி நிறுத்தச் சொல்லுவேன்?"

எனக்கும் அதுதான். ஆனால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். வேறு மண்டபம் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானே சொல்வதாக முடிவு.

அக்டோபர் 13, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இன்றும் தடை இல்லை.

ஆராதனை முடிந்து பெனிட்டாவை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். டீ போட்டுக் கொடுத்து, உட்கார்ந்து, தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா அந்த ஸ்கூல்லதான் படிச்சாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. சார் சொல்லவில்லை.

"ஆறாங்கிளாஸ் படிக்கும்போது அந்த ஹால்ல தனியா பாடியிருக்காங்க. எங்க ஹால் கடல் மாதிரி, அந்தக் கடைசிக்குக் குரல் போகுமான்னு பயந்தேன்னு சொல்லிட்டே இருப்பாங்க. அப்பா விடமாட்டார். அது சின்ன ஹால், நான் அளந்திருக்கேன்னு சண்டைக்கு நிப்பார். சாகுற வரைக்கும் அந்தச் சண்டை தீரல. நான் அந்த ஹாலுக்குள்ள போனதே இல்ல. உங்க படத்தப் பாத்ததும்தான் தெரிஞ்சுது, அம்மா சொன்னதுதான் உண்மைன்னு."

டீயைக் குடித்தேன். சுட்டது.

அப்பாவுக்குக் கல்யாணம் என்றதும் தன் அம்மாவை எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று அழுதுகொண்டே ரயில் ஏறினாளாம். விருந்தை அங்கே வைத்தால் அம்மாவும் கூட இருக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தாளாம். உங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். எனக்கு என்ன, ஒன்றும் இல்லை என்றேன். அவள் அம்மா பெயர் ஜாய்ஸ். நல்ல குரல் என்று ஊரே சொல்லும். நான் பாடகர் குழுவில் கடைசி வரிசை.

மண்டபத்தைப் பற்றி நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

சொல்லவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. பிளவுஸ் கை இறுக்கம், திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மேலப்பாளையத்திலிருந்து யாரோ போன் செய்து, கல்யாணத்துக்கு வேனில் வருகிறோம் என்றார்கள். யாரென்று தெரியவில்லை. அக்காவைக் கேட்டால், அவளுக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

இனி தாங்காது என்று காலையில் பெனிட்டாவை மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். வழியில் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன்.

அவள் உள்ளே போனாள். நின்றாள். திரும்பினாள்.

"இதுதானா?"

இதுதான் என்றேன். லென்ஸைப் பற்றி முன்பு சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னேன். எனக்கே இது மறந்துபோனதைச் சொன்னேன். வேறு மண்டபம் பார்க்கலாம், நானே அலைகிறேன், அழைப்பிதழைக் கையால் திருத்திக் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு நடந்தாள். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே விழுந்துபோயிற்று. அம்மாவிடமிருந்து அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரு பெரிய மண்டபத்தை நான் கையில் கொடுத்து, நானே பிடுங்கிக்கொண்டேன். அந்த நிமிஷம் லென்ஸ், கேமரா எல்லாவற்றையும் தாமிரபரணியில் போட்டுவிடலாம் போலிருந்தது.

"எங்க நின்னு எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

நிற்கவில்லை. பின்பக்க மூலைக்குப் போய்க் காட்டினேன். தரையில் விழுந்த வெளிச்சம் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் ஸ்டாண்டின் கால்களை விரித்துத் தரையோடு தரையாக கேமராவை வைத்து, நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுத்தேன். அப்படியே உட்கார்ந்தும் காட்டினேன். முழங்கால் சத்தம் போட்டது.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்து நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். ஜன்னல்கள் தலைக்கு மேலே போய்விட்டன. சட்டங்கள் எங்கேயோ உயரத்தில் இருந்தன. மேடை பின்னால் தள்ளிப் போயிருந்தது. என் படம் அங்கேயே இருந்தது.

"இங்கேருந்து பாத்தா பெருசாத்தான் இருக்கு" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன்.

"ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க தரையிலதான் உக்காருவாங்க, இல்ல?"

"தரையிலதான். பிரேயருக்கு எல்லாரும் தரையிலதான்."

"அப்போ அம்மா இப்படித்தான் பாத்திருப்பாங்க. அவங்க தலையும் இந்த உயரத்துலதான் இருந்திருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அப்போதே வந்திருந்தது. இரண்டு பேரும் முந்தானையும் துப்பட்டாவுமாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜாய்ஸை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்த மூலையில் உட்கார்ந்திருந்தபோது, இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப் பெண்ணாக அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வேறு மண்டபம் வேண்டாம் என்று பெனிட்டா சொல்லிவிட்டாள். சாப்பாட்டுக்கு வெளியே மைதானத்தில் சாமியானா போடலாம், வாழ்த்த வருகிறவர்கள் உள்ளே வந்து வந்து போகட்டும் என்றாள். எழுந்திருக்கும்போது எனக்குக் கை கொடுத்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

மூன்றாம் ஓலை. ஐயர் கடைசியாகத் தடை உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நிறுத்தினார். தொண்டைக் கட்டு என்று பிறகு சொன்னார். எனக்கு அந்த இடைவெளியில் பாதி உயிர் போயிற்று.

அக்டோபர் 23, புதன்

படங்கள் சார் வீட்டுக்குப் போய்விட்டன. எல்லாப் படங்களும். பெனிட்டா தன் அறை பீரோவில் பாதியைக் காலி செய்து தண்ணீர்த் தொட்டிகளை அங்கே வைத்திருக்கிறாள். மருதாணி இட்டுவிட்டாள். அதனால்தான் எழுத்து இப்படிக் கிறுக்கலாக இருக்கிறது. நாளைக்குக் கல்யாணம். மேற்கே மின்னுகிறது.

அக்டோபர் 26, சனி

இரண்டு நாளாக எழுத நேரம் இல்லை. வரிசையாக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

சர்ச்சில் எல்லாம் நன்றாக நடந்தது. சம்மதமா என்று ஐயர் கேட்டபோது நான் சொன்ன பதில் கேட் வரைக்கும் கேட்டதாக அக்கா சொல்கிறாள். கடைசிப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. நாங்கள் காரில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, சாமியானா நடுவில் தண்ணீர் தேங்கித் தொந்தி போட்டிருந்தது. சற்று நேரத்தில் அந்தத் தொந்தி கிழிந்து, வாழையிலை போட்டிருந்த மேசைகள் மேல் கொட்டியது. பிரியாணி அண்டாக்களைச் சமையல் ஆட்கள் வராந்தாவுக்கு இழுத்துக் காப்பாற்றினார்கள்.

ஜனங்கள் எங்கே போவார்கள்? எல்லாரும் மண்டபத்துக்குள் ஓடி வந்தார்கள். மேலப்பாளையம் வேனும் வந்திருந்தது. உள்ளே நாற்காலிகளே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. உட்கார்ந்தவர் மடியில் நின்றவர் விழுகிற நிலைமை. வாசலில் ஒரு கும்பல் நனைந்துகொண்டு நின்றது. நானும் சாரும் மேடையில் இரண்டு பெரிய நாற்காலிகளில், பொம்மைக் கொலுவில் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். பெனிட்டா கூட்டத்துக்கு நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஆசை ஆசையாகச் செய்ததெல்லாம் தண்ணீரில் போகிறதே, இந்தப் பெண் அழுதுவிடுவாளே என்று நாற்காலியிலிருந்து எழுந்தேன். இறங்கிப் போகலாம் என்று சேலையைத் தூக்கிப் பிடித்தேன்.

அதற்குள் அவள் மேடைக்கு வந்து மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. சேர் எல்லாம் வெளிய போகுது. ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி எல்லாரும் தரையில உக்காரணும்."

ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. பட்டுச் சேலைகள், கோட்டுகள், ரிட்டையர்டு தாசில்தார்கள். அக்காதான் முதலில் உட்கார்ந்தாள், அறுபத்து மூன்று வயதில், பத்தாயிரம் ரூபாய்ப் பட்டோடு.

"ஏன் நிக்கிய? உக்காருங்க. பள்ளிக்கூடத்துல படிக்கும்போது உக்காராததா?"

பிறகு ஐயர் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்தார். அவ்வளவுதான், மளமளவென்று எல்லாரும் இறங்கினார்கள். நாற்காலிகள் தலைக்கு மேல் கை மாறி மாறி வராந்தாவுக்குப் போயின. வாசலில் நனைந்தவர்கள் உள்ளே வந்தார்கள். பிள்ளைகள் ஜன்னல் திட்டுகளில் ஏறிக்கொண்டார்கள். எல்லாரும் அடங்கிவிட்டார்கள். நான் மேலிருந்து பார்த்தேன். தலைகள் எல்லாம் கீழே போனதும் ஜன்னல்கள் மேலே எழுந்து, கூரை உயர்ந்து, மண்டபம் நான் எடுத்த படம் மாதிரி ஆகிவிட்டது. ஆட்களோடு.

பிரியாணித் தட்டுகள் பின்னாலிருந்து கை கையாக வந்தன. போட்டோ எடுக்க வந்தவர் ஏணி மேல் ஏறி வைட் லென்ஸைப் போட்டார். ஓரத்தில் இருக்கிறவர்கள் பூசணிக்காயாகி விடுவீர்கள், உள்ளே தள்ளி உட்காருங்கள் என்று நான் மேடையிலிருந்து எச்சரித்தேன். உள்ளே தள்ள ஏது இடம்? பூசணிக்காய் ஆனால் ஆகட்டும் என்று சந்தோஷமாகப் பல்லைக் காட்டினார்கள்.

வாழ்த்துரை என்று தாசில்தார்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள், காலை ஊன்ற இடமில்லாததால் சபை தப்பித்தது. பெனிட்டா மட்டும் பேசினாள். அதுவும் நாலே வரி.

"எங்க அம்மா இந்த ஹால்ல பாடியிருக்காங்க. இது ரொம்பப் பெரிய ஹால்னு சொல்வாங்க. அப்பா ஒத்துக்கவே மாட்டார். அப்பா, இப்போ சொல்லுங்க."

முந்நூறு பேரும் சாரைப் பார்த்தார்கள். அவர் மேடையிலிருந்து இறங்கி, முன் வரிசையில் பெனிட்டா காட்டிய இடத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அவர் மாற்றிய கூரை, அவர் அளந்த கூரை. வெகுநேரம் பார்த்தார்.

"பெருசுதான்ம்மா" என்றார்.

விஷயம் தெரிந்தவர்கள் அழுதார்கள், தெரியாதவர்கள் கை தட்டினார்கள். நான் இரண்டும் செய்தேன். கொலுப் பொம்மையாகத் தனியே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் இறங்கிப் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். பெனிட்டா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து பிரியாணி சாப்பிட்டாள். மழை விட்டு வெகு நேரமாகியும் யாரும் எழுந்து போகவில்லை.

கடைசியில் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். பெனிட்டா எழுந்தாள். சார் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது, தரையை ஊன்றிப் பார்க்கிறார், சிரிக்கிறார், மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்.

"சார், எந்திரிங்க" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. கல்யாணம் முடிந்து மூன்று மணி நேரம் ஆன புருஷனை நான் சார் என்று கூப்பிட்டதற்கு அந்தக் கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பெனிட்டா அவருடைய வலது கையைப் பிடித்தாள். நான் இடது கையைப் பிடித்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுவேன். மூணுக்கு இழுக்கணும், சரியா சித்தி?"

அவள் ஒன்றுதான் சொல்லியிருப்பாள். நான் இழுத்துவிட்டேன்.